மூன்றாவது கியர் இல்லாத இறக்கம்

இன்று மலைமேல் ஊரில் மூக்குக்கண்ணாடியின் திருகு ஒன்று கழன்று விழ, கண்ணில் பட்ட முதல் கண்ணாடிக்கடைக்குள் நுழைந்தபோது சந்திக்க வாய்த்த மனிதரைப் பற்றி இது. திருகு மாட்ட அவருக்கு இரண்டு நிமிடம் ஆயிற்று. கடை வாசலில் நின்ற மின்சாரக் காரைக் காட்டி, "இதுல ஓட்டற சுகம் இருக்காங்க?" என்று நான் கேட்ட ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல இரண்டு மணி நேரம் ஆயிற்று. பெட்ரோலா மின்சாரமா என்று வண்டிப் பைத்தியங்கள் நாம் எல்லாரும் நாள் முழுக்கக் கட்டிப் புரள்கிறோம். எத்தனை நொடியில் நூறைத் தொடும், எந்த என்ஜின் சத்தம் நெஞ்சை அள்ளும் என்பதுதான் நம் பேச்சு. இவர் சொன்னது வேறு. சூடு ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும்.

கண்ணாடிக்கடைக்காரருக்கு அறுபத்து நான்கு வயது. கடை ஒரு ஷட்டர் அகலம்தான். ஒரு சுவரில் எழுத்து அட்டை, எதிர்ச் சுவரில் முக்காலி, பின்கட்டில் லென்ஸ் தேய்க்கும் சக்கரம். ஆனால் ஊரில் அவருடைய பெயரும் செல்லாது, தொழிலும் செல்லாது. எல்லாருக்கும் அவர் 'மூணாவது'. மலை இறங்கும்போது மூன்றாவது கியரில் போட்டுவிட்டு, என்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும்படி விட்டு, பிரேக்கைத் தொடாமல் வருவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. யார் எதைக் கேட்டாலும் அதையே மருந்தாகவும் சொல்வார். மகன் பேச்சைக் கேட்கமாட்டேன் என்கிறான் என்று கண் பரிசோதனைக்கு வந்த இடத்தில் ஒருவர் புலம்ப, "மூணாவதுல விடுங்க, தானா அடங்கும்" என்று சொல்லி அனுப்பினாராம்.

அவரைப் போல இன்னும் ஆறு பேர். ஞாயிற்றுக்கிழமை விடியும்போது ஏழு வண்டிகளும் வரிசையாக மலை இறங்கும். மொத்தம் இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவுகள். பந்தயம் வேகத்துக்கு இல்லை. பின்னால் வருகிறவர் முன்னால் போகிற வண்டியின் பிரேக் விளக்கு எத்தனை தடவை எரிகிறது என்று எண்ணிக்கொண்டே வர வேண்டும். அடிவாரத்தில் நிறுத்திக் கணக்குச் சொல்ல வேண்டும். யார் விளக்குக் குறைவாக எரிந்ததோ அவருக்கு மற்ற ஆறு பேரும் டீ வாங்கித் தர வேண்டும். முப்பது ஆண்டுகளில் யாராலும் தொட முடியாத எண் மூணாவதுடையது. நான்கு! இருபத்திரண்டு வளைவுக்கு நான்கே தடவை. அதிலும் ஒன்று குறுக்கே வந்த ஒரு ஆட்டுக்காக.

வண்டி, இரண்டு கதவு வைத்த பழைய பெட்ரோல் கார். அதன் என்ஜினை இரண்டு முறை அக்கக்காகக் கழற்றிப் பூட்டியவர்கள் அவரும், அந்த ஏழு பேரில் ஒருவரான, மெக்கானிக் ஷெட் வைத்திருக்கும், எல்லாரும் 'பிஸ்டன்' என்று கூப்பிடும் சிநேகிதரும். மின்சார வண்டிகள் மலைக்கு வர ஆரம்பித்தபோது அந்த ஏழு பேரில் அதிகம் சிரித்தது மூணாவதுதான்.

"அது வண்டியாடா? சக்கரம் வெச்ச மிக்ஸி. கியர் இல்ல, கிளட்ச் இல்ல, சத்தம் இல்ல. உக்காந்து போறதுக்குப் பேரு ஓட்டறதா? என்னைக்காவது நான் அதை ஓட்டினா என் லைசன்ஸைக் கிழிச்சு என் வாயிலயே திணி."

பிஸ்டன் இந்த வாக்கியத்தை மறக்கவில்லை. சிநேகிதர்கள் மறக்கவா போகிறார்கள்.

மூணாவதின் மனைவி மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்தியவர். ஓய்வு பெற்ற பிறகும் ஊருக்கே அவர் டீச்சர், வீட்டுக்காரருக்கும் டீச்சர்தான். ஐம்பத்தெட்டு வயதில் அவருக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டன. வாரத்துக்கு மூன்று நாள், செவ்வாய், வியாழன், சனி, மெஷினில் ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். மெஷின் இருப்பது சமவெளியில் உள்ள ஆஸ்பத்திரியில். மலை இறங்கி, அடிவாரத்திலிருந்து இன்னும் ஒன்பது கிலோமீட்டர். காலை ஏழு மணிக்குப் படுக்கை. நான்கு மணி நேரம். பிறகு அதே இருபத்திரண்டு வளைவு, மேல்நோக்கி.

முதல் மாதம் கீழேயே ஒரு அறை எடுத்துத் தங்கிப் பார்த்தார்கள். டீச்சர் ஒரு நாளும் நிம்மதியாகத் தூங்கவில்லை. நான்காவது வாரம் பெட்டியை அவரே கட்டினார்.

"மேல இருந்தா வாரத்துல மூணு நாள்தான் நான் நோயாளி. இங்க ஏழு நாளும்."

அதனால் மலைக்கே திரும்பினார்கள். மூணாவது விடியற்காலை ஐந்தரைக்கு வண்டியை எடுப்பார். தன்னால் முடிந்த அளவு மெதுவாக, மெத்தையில் வைத்துக் கொண்டுபோவது போலத்தான் ஓட்டினார். ஆனால் பழைய கார் பழைய காராகத்தானே இருக்கும்? கார்பரேட்டரிலிருந்து உள்ளே வரும் பெட்ரோல் வாடை. காலடியில் நடுக்கம். கியர் மாறும்போதெல்லாம் ஒரு குலுக்கல். அவருக்கு அது சங்கீதம். உடம்பில் இரண்டரை கிலோ தண்ணீர் தேங்கி, மூச்சு வாங்க உட்கார்ந்திருக்கிற டீச்சருக்கு அது நரகம். கதவுப் பையில் முன்பெல்லாம் சாலை வரைபடம் இருக்கும். இப்போது பிளாஸ்டிக் கவர்கள் இருந்தன. போகும்போது மூன்று, வரும்போது மூன்று.

வாடகைக்கார் வைத்துப் பார்த்தார்கள். அது டீசல். நான்காவது வளைவிலேயே திரும்பி வந்துவிட்டார்கள்.

எட்டாவது மாதம், ஒரு வியாழக்கிழமை மத்தியானம், வீட்டு வாசலில் வண்டி நின்ற பிறகும் டீச்சர் இறங்கவில்லை.

"என்னங்க."

"கையைப் பிடிக்கட்டா?"

"வேணாம். ஒண்ணு சொல்லணும். இந்த மாசம் முடியட்டும். அதோட நிறுத்திக்கறேன்."

எதை என்று அவர் கேட்கவில்லை. நிறுத்தினால் பத்து நாள், மிஞ்சிப் போனால் பதினைந்து நாள் என்று டாக்டர் ஆரம்பத்திலேயே இருவரையும் உட்கார வைத்துச் சொல்லியிருந்தார்.

"மெஷின்ல படுக்கறது ஒண்ணும் கஷ்டமில்ல. நாலு மணி நேரம் கண்ணை மூடினா போயிடுது. இந்த ரோடு... ஒவ்வொரு கியருக்கும் என் குடல் ஒரு தடவை மேல வந்துட்டுக் கீழ போகுது. முந்தின நாள் சாயந்திரமே பயம் வந்துடுது. அப்ப எனக்குன்னு மிச்சம் இருக்கறது எத்தனை நாள்? கணக்குப் போட்டுட்டேன். போதும்."

கோபத்தில் சொல்லியிருந்தால் அவர் சமாதானம் செய்திருப்பார். அழுதிருந்தால் சேர்ந்து அழுதிருப்பார். டீச்சர் கரும்பலகையில் விடை எழுதிவிட்டுச் சாக்பீஸைக் கீழே வைப்பது போலச் சொல்லிவிட்டார். அதற்கு என்ன செய்வது?

மறுநாள் அவர் பிஸ்டனின் ஷெட்டுக்குப் போய் வண்டிச் சாவியை மேஜைமேல் வைத்தார்.

"இதை நீயே எடுத்துக்க. இதை வித்தாத்தான் அதை எடுக்க முடியும்."

"எதை?"

"அதான்டா. மிக்ஸி."

பிஸ்டன் வாயைத் திறந்தார். லைசன்ஸ் கதையை எடுக்க அவருக்கு ஒரு நொடி போதும். ஆனால் சிநேகிதரின் முகத்தைப் பார்த்துவிட்டு, "அண்ணிக்கா?" என்று மட்டும் கேட்டார். பிறகு சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, முதுகைத் திருப்பி வெகுநேரம் கை கழுவினார்.

கீழே ஷோரூமில் புது வண்டியை ஓட்டிப் பார்த்தபோது மூணாவதுக்கு ஒரு ஆச்சரியம். முடுக்கியிலிருந்து காலை எடுத்தாலே போதும், யாரோ பின்னாலிருந்து கயிறு கட்டி இழுப்பது போல வண்டி தானாக அடங்கியது. அட, இது எப்போதும் மூன்றாவது கியரிலேயே இருக்கிற வண்டி! அப்படித்தான் அவர் மனதில் பதிந்தது. விற்கிற பையன், வேகம் குறையும்போது மின்சாரம் பேட்டரிக்கே திரும்பிப் போகும் என்று ஏதோ சொன்னான். மலை ஓட்டியே பழகியவருக்கு அதைக் காதில் வாங்கத் தோன்றவில்லை. திங்கட்கிழமை வண்டியை அவரே மலைக்கு ஏற்றிக்கொண்டு வந்தார். ஏறி முடித்தபோது பேட்டரி பாதிக்கும் கீழே இருந்தது. சார்ஜரை மாட்டினார்.

இங்கேதான் அந்தத் தப்பு. மலைக்காரர் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. உடம்பு முடியாதவரை ஏற்றிக்கொண்டு இறங்குவதாக இருந்தால், முந்தின நாளே டேங்கை வாய்வரை நிரப்பி வைக்க வேண்டும். வழியில் நிற்கக் கூடாது. நாற்பது வருடப் பழக்கம் அவருக்கு அது. அதனால் நூறு சதவீதம் ஆகிற வரை சார்ஜ் ஏறட்டும் என்று விட்டுவிட்டார். மறுநாள் காலை முழு வண்டியோடு, முழு மனதோடு கிளம்பினார்.

செவ்வாய்க்கிழமை. வளைவுப் பலகைகள் கீழிருந்து எண்ணப்பட்டவை. மேலிருந்து போகிறவர்களுக்கு இருபத்திரண்டுதான் முதலில் வரும். சாலையில் பனி. டீச்சர் முன் இருக்கையைச் சாய்த்து, மடியில் கவரை விரித்துக் கையால் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடியிருந்தார்.

இருபத்திரண்டாம் வளைவுக்கு முன்னால் அவர் காலை எடுத்தார். வண்டி அடங்கவில்லை.

கயிற்றை யாரோ அறுத்துவிட்டது போல அது வழுக்கிக்கொண்டு போனது. கை தானாகக் கியர் தண்டைத் தேடிப் போய்த் தண்ணீர் பாட்டில் மூடியைப் பிடித்தது. இடது கால் கிளட்ச்சைத் தேடி வெறும் தரையை மிதித்தது. பிரேக்கை அழுத்தினார், வண்டி வளைவில் திரும்பியது. இருபத்தொன்றிலும் அதே கதை. இருபதிலும். ஷோரூமில் ஓட்டிய வண்டி இது இல்லை. திரையில் ஏதோ சின்ன எழுத்து வந்து வந்து போனது. ஊருக்கெல்லாம் கண்ணாடி போடுகிற மனிதர், படிக்கிற கண்ணாடியைக் கடையில் விட்டுவிட்டு வந்திருந்தார்.

பிரேக்கிலேயே காலை வைத்து மலை இறங்கினால் என்ன ஆகும் என்று அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. காய்ந்து காய்ந்து, கடைசியில் மிதித்தாலும் பிடிக்காது. அப்படிப் போன வண்டிகளைக் கயிறு கட்டித் தூக்கியபோது அவர் கூட நின்றிருக்கிறார். அதனால் அழுத்தமாக ஒரு மிதி, உடனே விடுதல், ஆறவிடுதல், மறுபடி ஒரு மிதி. தலையைக்கூட அசைக்காமல், பக்கத்து இருக்கைக்கு ஒரு குலுக்கலும் போகாதபடி செய்தார். வாழ்க்கையில் அவர் ஓட்டிய மிக நல்ல ஆறு வளைவுகள் அவைதான் என்று இன்றைக்கும் சொல்கிறார். எண்ணுவதற்குப் பின்னால் யாரும் இல்லை.

பதினேழாம் வளைவு தாண்டியதும் கருகல் வாடை வந்தது. சாலையோரம் அகலமான மண் தரை ஒன்று இருந்தது. அதில் ஒதுக்கி நிறுத்தினார்.

டீச்சர் கண்ணைத் திறந்தார். "ஏன் நின்னுட்டீங்க? எனக்கு வாந்தி வரலையே." பிறகு மடியைப் பார்த்தார். கவர் விரித்தபடியே இருந்தது. "வரவே இல்ல," என்றார், தனக்குத் தானே.

மூணாவது ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். விரல்கள் பிடியை விடவில்லை. பொய் சொல்லிவிடலாம். பனி அதிகம், கொஞ்சம் பொறுத்துப் போகலாம் என்றால் நம்பிவிடுவார். உண்மையைச் சொன்னால்? இந்த ரோடும் வேண்டாம், இந்த வண்டியும் வேண்டாம், மாதக் கடைசி வரைக்கும்கூட வேண்டாம் என்று சொல்லிவிட்டால்?

ஆனால் கீழே இன்னும் பதினாறு வளைவு இருக்கிறது. அதில் உட்கார்ந்து வரப்போகிறவர் டீச்சர்.

"டீச்சர், வண்டி என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது. அன்னைக்குக் காலை எடுத்தா நின்னுச்சு. இன்னைக்கு ஓடுது. பிரேக் காஞ்சு போச்சு. எனக்கு ஒண்ணும் புரியல. பயமா இருக்கு."

முப்பத்தைந்து வருட வாழ்க்கையில் வண்டியைப் பற்றி அந்த வாயிலிருந்து பயம் என்ற சொல் வந்தது அப்போதுதான். டீச்சர் இருக்கையை நிமிர்த்தினார். முன்னால் குனிந்து திரையைப் படித்தார்.

"எவ்வளவு சார்ஜ் ஏத்தினீங்க?"

"ஃபுல்லா. நூறு."

"அன்னைக்கு ஷோரூம்ல?"

"பாதி இருந்திருக்கும்."

டீச்சர் அவரைப் பார்த்த பார்வையை மூணாவது அப்படியே நடித்துக் காட்டுகிறார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தவர்களுக்கெல்லாம் அது புரியும்.

"நிரம்பின வாளியில தண்ணி ஊத்தினா எங்க போகும்? காலை எடுத்தா உங்க வண்டி எப்படி நிக்குது? ஓடற வேகத்தைக் கரண்டாக்கிப் பேட்டரிக்குள்ள தள்ளித்தான் நிக்குது. உள்ள இடமே இல்லாம அடைச்சு வெச்சுட்டு, ஏன் தள்ள மாட்டேங்குதுன்னு கேட்டா? இங்க எழுதியே இருக்கு, 'பேட்டரி நிறைந்துள்ளது'ன்னு. படிக்கலையா?"

"கண்ணாடி கடையில இருக்கு."

"நல்லா இருக்கு!" என்றார் டீச்சர். சிரித்ததில் இருமல் வந்தது. இருமலிலும் சிரித்தார். "சரி. பேட்டரியில கொஞ்சம் செலவு பண்ணணும். ஹீட்டரை முழுசா வையுங்க. கண்ணாடியெல்லாம் இறக்குங்க. பின் கண்ணாடி சூடு, சீட் சூடு, ஹெட்லைட், எது இருக்கோ எல்லாத்தையும் போடுங்க. அதுக்குள்ள பிரேக்கும் ஆறும்."

அப்படியே செய்தார்கள். பனி விழும் சாலையோரத்தில், நான்கு கண்ணாடியும் திறந்து, உள்ளே அனல் அடிக்க, இருவரும் இருபத்தைந்து நிமிடம் உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "தொண்ணூத்தொம்போது... இன்னும் தொண்ணூத்தொம்போதுதான்... ஆங், தொண்ணூத்தெட்டு." தொண்ணூற்றேழு ஆனதும் "இப்ப எடுங்க" என்றார்.

பதினாறாம் வளைவில் அவர் காலை எடுத்தார். கயிறு மறுபடி இழுத்துப் பிடித்தது. முழுசாக இல்லை, ஆனாலும் பிடித்தது. டீச்சர் ஒவ்வொரு வளைவுக்கும் எண்ணைச் சொல்லிக்கொண்டே வந்தார். தொண்ணூற்றேழு, தொண்ணூற்றெட்டு. "இறங்க இறங்க ஏறுது பாருங்க," என்றார். நான்காம் வளைவில் மறுபடி நிறைந்து பிடி விட்டது. அதற்குள் சரிவும் தணிந்துவிட்டது.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஏழே முக்கால். டயாலிசிஸ் அறை சிஸ்டர் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"என்ன டீச்சர், நீங்களே லேட்டா? படுக்கையை வேற ஆளுக்குக் குடுத்துட்டேன். பதினொரு மணிக்குத்தான் அடுத்தது. முடியுமா உங்களால?"

இதைவிட நல்ல சாக்கு டீச்சருக்குக் கிடைக்காது. வீட்டுக்குப் போகலாம் என்று ஒரு வார்த்தை போதும்.

"இருக்கேன்மா," என்றார் டீச்சர். "ஒரு பேனா இருந்தா குடேன்."

மருந்துக் கடை ரசீதின் பின்பக்கத்தில் அவர் எழுத ஆரம்பித்தார். மலையின் உயரம், வண்டியின் எடை, பேட்டரியின் அளவு. அவ்வப்போது நிமிர்ந்து கேள்வி கேட்டார். உங்க எடை எத்தனை, டயர்ல காத்து எவ்வளவு. தன் எடையையும் எழுதினார். பக்கத்தில் கூட்டல் போட்டு இரண்டரை என்றும் எழுதினார்.

"அது என்ன?"

"என் உடம்புல நிக்கற தண்ணி. இறங்கறப்ப இருக்கும், ஏறறப்ப இருக்காது. கணக்குன்னா எல்லாம் வரணும்."

கடைசியில் ஒரு எண்ணுக்குக் கீழே இரண்டு கோடு போட்டார். எண்பத்தாறு. "வியாழக்கிழமை இதோட நிறுத்துங்க. எண்பத்தாறுல கிளம்பினா அடிவாரத்துல தொண்ணூத்திநாலு காட்டணும்."

வியாழக்கிழமை. அன்றைய தடவை போக அந்த மாதத்தில் இன்னும் ஐந்து தடவைதான் பாக்கி என்று மூணாவது தனக்குள் எண்ணி வைத்திருந்தார். விடியற்காலை செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தால், டீச்சர் ஏற்கெனவே முன் இருக்கையில் உட்கார்ந்து பெல்ட் மாட்டியிருந்தார். மடியில் கவர் இல்லை. ஒரு நோட்டு இருந்தது.

அன்று இறக்கம் முழுவதும் பிரேக்கை அவர் தொட்டது இரண்டே முறை. அடிவாரத்தில் ஒதுக்கி நிறுத்தினார்கள். திரையில் தொண்ணூற்று மூன்று.

"ஒண்ணு குறையுது," என்றார் டீச்சர்.

"ஒண்ணுதானே? விடு டீச்சர்."

"விடறதா? அந்த ஒரு பர்சன்ட் எங்க போச்சு? நீங்க பதினோராம் வளைவுல தேவையில்லாம மிதிச்சீங்க."

"நாய் நின்னுச்சு!"

"நாய்க்கு ஒரு பர்சன்ட் ஆகாது. எதிர்க்காத்தா இருக்கும். சனிக்கிழமை பாத்துக்கலாம்."

சனிக்கிழமை பாத்துக்கலாம். மூணாவது ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இந்த இடத்தைச் சொல்லும்போது கடையில் அவர் லென்ஸ் துடைக்கிற துணியை எடுத்து, சுத்தமாக இருந்த ஒரு கண்ணாடியை நெடுநேரம் துடைத்தார்.

சனிக்கிழமை ஈரச் சாலை, தொண்ணூற்றிரண்டு. அடுத்த செவ்வாய் டயரில் காற்றுக் கூட்டி வைத்தார்கள், தொண்ணூற்று மூன்று. மாதம் முடிந்தது. அடுத்த மாதம் முதல் தேதி ஒரு வியாழக்கிழமை. அன்றும் வண்டி ஐந்தரைக்குக் கிளம்பியது. பேசி வைத்த பேச்சை இருவருமே எடுக்கவில்லை.

வாந்தி அடியோடு நின்றுவிடவில்லை. ஏறும்போது இரண்டு பயணத்துக்கு ஒரு தடவை வரத்தான் செய்தது. ஆனால் முந்தின நாள் சாயங்காலத்துப் பயம் போய்விட்டது. அதோடு, யாரும் எதிர்பார்க்காத இன்னொன்று நடந்தது. அந்த வண்டியில் சத்தம் இல்லை. முப்பத்தைந்து வருடம் ஒன்றாகக் காரில் போன இருவர் வழியில் பேசிக்கொள்ள ஆரம்பித்தார்கள். பழைய வண்டியில் பேச வேண்டுமென்றால் கத்த வேண்டும். அதற்குச் சும்மா இருக்கலாம் என்று இருந்துவிட்டார்கள்.

ஒரு நாள் ஒன்பதாம் வளைவில் டீச்சர் சொன்னார்: "உங்க பழைய வண்டி எனக்குப் பிடிச்சதே இல்ல, தெரியுமா?"

மூணாவதுக்குச் சுருக்கென்றது. "இத்தனை வருஷமா சொல்லவே இல்லையே!"

"சொன்னேனே. கல்யாணமான வருஷமே சொன்னேன். சத்தத்துல உங்களுக்குக் கேக்கல."

எட்டாம் வளைவு, ஏழாம் வளைவு.

"வேற என்னெல்லாம் கேக்கல?" என்றார் ஆறில்.

"நிறைய இருக்கு," என்றார் டீச்சர். "வாரத்துக்கு மூணு நாள் வருவேன்ல, ஒவ்வொண்ணா சொல்றேன்."

சொன்னார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அழுதுகொண்டே நடந்து வந்த கதை. மகள் வெளிநாடு போன அன்று சிரித்துக்கொண்டே நின்றது எப்படி என்ற கதை. மெஷினில் கண்ணை மூடிக்கொண்டு என்ன நினைத்துக்கொள்வார் என்பது. மூணாவதும் சொன்னார். அதுவரை கியருக்கும் கிளட்ச்சுக்கும் மட்டுமே சொல்லியிருந்ததை எல்லாம்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கும் ஒரு நாள் புது வண்டியோடு போனார். அந்த வண்டியில் காலை எடுத்தாலே பின்விளக்கு எரிந்துவிடும். அடிவாரத்தில் பிஸ்டன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நாப்பத்தேழுடா! நாலு எரியவிட்ட மனுஷன் நாப்பத்தேழு! கல்யாண வீட்டு சீரியல் லைட் மாதிரி மின்னிக்கிட்டே போனான்!"

எல்லாரும் சிரித்து முடித்ததும் பிஸ்டன் பழைய சாவியை நீட்டினார். "ஏறும்போது இதுல வா."

மூணாவது ஓட்டினார். இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கு விழும் அந்தச் சின்ன 'டக்'. உள்ளங்காலில் என்ஜின். கைக்கு வேலை, காலுக்கு வேலை, காதுக்கு வேலை. அவர் இதைப் பூசி மெழுகவில்லை. "சுகம் அதுல இருக்கற மாதிரி இதுல இல்லைங்க. அதுக்கு ஈடு கிடையாது. யாராவது இருக்குன்னு சொன்னா அவன் ஓட்டினதில்லன்னு அர்த்தம்," என்றார் இன்று. மேலே வந்து சாவியைத் திருப்பிக் கொடுத்தார். பிஸ்டன் மறுபடி நீட்டவில்லை, இவரும் கேட்கவில்லை.

நிறுத்திக்கொள்வதாகச் சொன்ன அந்த மாதக் கடைசிக்குப் பிறகு டீச்சர் இரண்டு வருடமும் பதினோரு வாரமும் இருந்தார். ரோடு அவரைத் தோற்கடிக்கவில்லை. ஒரு குளிர்காலத்தில் ரத்தத்தில் கிருமி ஏறி, ஆஸ்பத்திரியிலேயே ஐந்து நாள் இருந்து, ஒரு புதன்கிழமை மத்தியானம் போய்விட்டார். கடைசியாகத் தெளிவாகப் பேசியது திங்கட்கிழமை. எத்தனையில் கிளம்பினீர்கள் என்று கேட்டார். எண்பத்தாறு என்றார் மூணாவது. அடிவாரத்தில்? பார்க்கவில்லை என்றார். டீச்சர் முறைத்தார்.

அந்த ஒரு சதவீதம் எங்கே போனது என்று கடைசி வரைக்கும் தெரியவில்லை. மூன்று நோட்டுகள் இருக்கின்றன. ஒவ்வொரு நாளும் காற்று, ஈரம், குளிர், டயர், உடம்புத் தண்ணீர் எல்லாம் எழுதி, கூர்மையான அந்தக் கையெழுத்தில் ஓரத்தில் ஒரு சந்தேகம்: 'பிரேக் பேட் உரசுகிறதா? கேட்க வேண்டும்.' 'உயர அளவே தப்போ?' 'இவர் எடையை மறைக்கிறார்.'

மூணாவது இரண்டு மாதம் வண்டியைத் தொடவில்லை. பிறகு ஒரு நாள் டயாலிசிஸ் அறை சிஸ்டர் கடைக்குப் போன் செய்தார். மலைமேல் அதே ஊரில், பஸ் நிலையத்துக்குப் பின்னால், ஒரு தையல்காரர் இருக்கிறார். மெஷினுக்கு வர வேண்டியவர், பஸ்ஸில் வாந்தி தாங்காமல் ஒரு வாரமாக வரவில்லை, கொஞ்சம் போய்ப் பாருங்கள் அண்ணா என்றார். மூணாவது போய்ப் பார்த்தார். மறுநாள் காலை ஐந்தரைக்குத் தையல்காரர் முன் இருக்கையில் இருந்தார்.

இப்போது செவ்வாய், வியாழன், சனி கடை மத்தியானம் இரண்டு மணிக்குத்தான் திறக்கும். தையல்காரரோடு, கல்லூரியில் படிக்கும் ஒரு பெண்ணும் பின் இருக்கையில் வருகிறாள். காசு வாங்குவதில்லை. மலை உச்சியில் இருக்கிறவர்கள் எவ்வளவு சார்ஜோடு இறங்க வேண்டும் என்று டீச்சர் போட்ட அட்டவணையின் நகல் கடை மேஜையில் அடுக்கி வைத்திருக்கிறது. கேட்கிறவர்களுக்கு எல்லாம் தருகிறார். கேட்காதவர்களுக்கும் தருகிறார்.

பின் இருக்கையில் இன்னும் ஒரு இடம் காலியாக இருக்கிறது. கிளம்பும்போது நான் அதைப் பற்றிக் கேட்டதற்கு, "அது எனக்கு உறுத்துதுங்க. மேல எங்கயோ ஒருத்தர் போகாம உக்காந்திருப்பாரு, எனக்குத் தெரியல, அவ்வளவுதான்," என்றார்.

அதனால் இதைப் படிக்கிற வண்டிப் பைத்தியங்களே, சண்டையை ஒரு நாளைக்கு ஒத்திவையுங்கள். மலைமேல் ஊர்களில் உங்களுக்குத் தெரிந்தவர்கள் இருந்தால் இதை அவர்களுக்கு அனுப்புங்கள். ரோட்டுக்குப் பயந்து மெஷினுக்குப் போகாமல் இருக்கிற யாராவது அவர்கள் தெருவில் இருக்கலாம். மலையில் வந்து மூணாவது கடை எங்கே என்று கேட்டால் யாரும் வழி சொல்வார்கள். அந்த ஒரு இடம் இந்த வாரமே நிரம்ப வேண்டும்.